மாதம் 150 ரிங்கிட்டில் கடலுக்கடியில்

வீட்டுக்கடன், கார்க்கடன், கடன் அட்டை என்று இந்தப் பகுதியில் நான் தொடர்ந்து எழுதி வந்ததைப் படித்துவிட்டு, "அக்கா, எப்போதும் சேமி சேமி என்கிறீர்கள். சேமித்து எதற்காவது செலவும் செய்வீர்களா?" என்று காஜாங்கிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நான் மனமறிந்து செய்த பெரிய செலவு ஒன்று உண்டு. வீட்டில் பொய் சொல்லிச் செய்த செலவு என்பதால் இதுவரை எழுதவில்லை. இப்போது வீட்டிலும் தெரிந்துவிட்டது.

சம்பளம் 180 ரிங்கிட் உயர்ந்த மாதம் அது. சேமநிதி, சொக்சோ பிடித்தம் போக 150 சொச்சம் கையில் கூடுதலாக வந்தது. அந்தப் பணம் இல்லாமலேதானே போன மாதம் வரை வாழ்ந்தோம் என்று நினைத்து, அதை அப்படியே வேறொரு கணக்குக்கு மாற்றிவிட்டேன். எதற்கு என்று அப்போது முடிவாகவில்லை. அலுவலகத்தில் பக்கத்து மேசைத் தோழி, பெர்ஹெந்தியான் தீவில் ஆமைக்கு அருகே தான் நீந்திய காணொளியைக் காட்டியபோது முடிவாயிற்று.

ஸ்கூபா முக்குளிப்பு பணக்காரர்கள் விளையாட்டு, இல்லையென்றால் முதுகுப்பையோடு வரும் வெள்ளைக்காரர்கள் விளையாட்டு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முத்துக்குளித்த இனம் என்று மேடையில் பேசுவோம். மேடையில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

எனக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் தண்ணீர் என்றால் குளியலறை அளவுதான். அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தார். பதினொரு வயதில், கம்பார் பக்கம், பள்ளி விடுமுறையில் நண்பர்களோடு ஈயக் குட்டைக்குக் குளிக்கப் போனவர் திரும்பி வரவில்லை. நான் பார்த்திராத அந்த மாமா, சாமி மேடைக்குப் பக்கத்தில் கறுப்பு வெள்ளைப் படமாக இருக்கிறார். ஈயக் குட்டைகள் கரையில் ஆழமில்லாததுபோல் தெரியும். இரண்டடி வைத்தால் மணல் சரிந்து கால் தரையைத் தொடாது. பேராக்கில் வளர்ந்தவர்களுக்கு இப்படி ஒரு பையனையாவது தெரிந்திருக்கும். போர்ட்டிக்சனுக்குக் குடும்பத்தோடு போகும்போதெல்லாம் அம்மா கரையில் நின்று எங்கள் முழங்காலையே பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீர் முழங்காலைத் தாண்டினால் "மேல வாங்கடி" என்று குரல் வரும்.

ஆகவே செலவுக் கணக்கின் முதல் வரி நீச்சல். மூன்று மாதம், நகராட்சிக் குளத்தில், மாதம் 120 ரிங்கிட்டுக்குச் சனிக்கிழமை காலை வகுப்பு. ஏழு வயதுப் பிள்ளைகளோடு ஆழம் குறைந்த பக்கத்தில் கால் உதைத்துக்கொண்டிருந்தேன். நீச்சல் தெரியாமலே முக்குளிக்கலாம் என்று விளம்பரம் செய்பவர்கள் உண்டு. ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டும் அறிமுக முக்குளிப்புக்கு அது பொருந்தலாம். சான்றிதழ் பெறும் பயிற்சிக்கு 200 மீட்டர் நிற்காமல் நீந்தவும், பத்து நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும். நேர வரம்பு கிடையாது. எந்த முறையில் நீந்தினாலும் ஏற்றுக்கொள்வார்கள். நான் தவளை நீச்சலும் நாய் நீச்சலும் கலந்துதான் நீந்தினேன்.

நீச்சல் முடிந்ததும் நான் செய்தது மடத்தனம். அறிமுக முக்குளிப்பு 99 ரிங்கிட் என்று எங்கோ பார்த்துவிட்டு ஒரு வாரக் கடைசியில் போய்விட்டேன். எந்த இடம் என்று எழுதப்போவதில்லை. பயிற்றுநர் ஒருவர், நாங்கள் ஆறு பேர். இப்படி முதன்முறை இறங்குபவர்களைக் கடலுக்குள் அழைத்துப் போகும்போது ஒரு பயிற்றுநருக்கு நால்வருக்கு மேல் கூடாது என்பது பாடி அமைப்பின் விதி. அது அப்போது எனக்குத் தெரியாது. மருத்துவப் படிவம் கேட்கவில்லை. இரண்டு வாரமாகச் சளி இருந்தது, நானும் சொல்லவில்லை. மூன்று நான்கு மீட்டரில் காது குத்த ஆரம்பித்தது. கையைக் காட்டினேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பியவர் நான் பயப்படுகிறேன் என்று நினைத்து, டேங்க்கைப் பிடித்துக் கீழே அழுத்தினார். மேலே வந்தபோது ஒரு காது அடைத்துப்போயிருந்தது. அடுத்த பத்து நாளும் அலுவலகத்தில் தொலைபேசியை மறுகாதில் வைத்துத்தான் பேசினேன். காது மருத்துவருக்கும் மருந்துக்கும் 280 ரிங்கிட். ஆக, 99 ரிங்கிட் முக்குளிப்பு எனக்கு 379 ஆனது.

காது ஏன் வலிக்கிறது என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பத்து மீட்டர் இறங்கினால் உடம்பைச் சுற்றியுள்ள அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. ஒரு பலூனைக் கொண்டுபோனால் பாதியாகச் சுருங்கும். செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் காற்றும் அப்படித்தான் சுருங்குகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் தொண்டை வழியாகக் காற்று போய் அந்த இடத்தை நிரப்பும். வலித்த பிறகு ஊதக் கூடாது, வலிக்கும் முன்பே, ஒவ்வொரு மீட்டருக்கும் ஊத வேண்டும். சளி இருந்தால் அந்த வழி அடைத்திருக்கும், எவ்வளவு ஊதினாலும் போகாது. அன்றைக்குக் கரையில் உட்கார்ந்து தேநீர் குடிப்பதுதான் சரி. மேலே ஏறும்போது இதற்கு நேர்மாறு. சுருங்கிய காற்று விரியும். அதனால் நுரையீரலில் மூச்சை அடக்கிக்கொண்டு ஏறவே கூடாது. இந்தப் பாடத்தில் முதல் விதியும் கடைசி விதியும் அதுதான்.

மேலும் சில மாதங்கள் பணம் சேர்ந்தது. இந்த முறை விலை கேட்பதற்கு முன் மூன்று இடங்களுக்குப் புலனத்தில் கேள்விகளை அனுப்பினேன். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்? சொன்ன தொகையில் இணையப் பாடம், சான்றிதழ், கருவி வாடகை, படகு எல்லாம் அடக்கமா? மருத்துவப் படிவத்தை எப்போது அனுப்புவீர்கள்? முதல் இடம் "டோன்ட் வொரி சிஸ்" என்று பதில் போட்டது. அதை அத்தோடு விட்டேன். இரண்டாவது இடம் விலை குறைவு, ஆனால் சான்றிதழுக்குத் தனிக் கட்டணம், கூட்டிப் பார்த்தால் மூன்றாவதைவிட அதிகம். மூன்றாவது இடம் பதிலோடு படிவத்தையும் அனுப்பியது. ஆஸ்துமா, இதயம், வலிப்பு, காது அறுவை சிகிச்சை என்று வரிசையாகக் கேள்விகள். ஒன்றுக்கு ஆம் என்று எழுதினாலும் மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கலாம். என் காதுக்காக நானே போய்ப் பார்த்தேன், 60 ரிங்கிட். நம் வீடுகளில் இழுப்பு இருப்பதை மறைத்துக் கல்யாணம் வரை பேசிவிடுவோம், இந்தப் படிவத்தில் மட்டும் மறைக்காதீர்கள்.

கணக்கைச் சொல்கிறேன். நான் போனபோது இருந்த விலைகள், இப்போது கொஞ்சம் ஏறியிருக்கும். நீச்சல் 360. மருத்துவர் 60. ஓப்பன் வாட்டர் எனப்படும் அடிப்படைப் பயிற்சி, கருவி வாடகையோடு 1,300. கோலாலம்பூரிலிருந்து கோலா பெசுட்டுக்கு இரவுப் பேருந்து, போக வர 100. தீவுக்குப் படகு, போக வர 70. பங்கிட்டுத் தங்கும் அறையில் நான்கு இரவு 160. சாப்பாடு 150. மொத்தம் 2,200. மாதம் 150 வீதம் பதினைந்து மாதச் சேமிப்பு 2,250. மீதி 50 ரிங்கிட்டுக்குக் கெரோப்போக் வாங்கினேன். 99 ரிங்கிட் மடத்தனமும் அதன் மருத்துவச் செலவும் இந்தக் கணக்கில் இல்லை, அது சம்பளத்திலிருந்து போனது.

பணம் மிச்சமான இடங்கள் சில உண்டு. இணையப் பாடத்தை வீட்டிலேயே இரவுகளில் முடித்துவிட்டதால் தீவில் ஒரு நாள் குறைந்தது. பள்ளி விடுமுறையையும் நீண்ட வார இறுதியையும் தவிர்த்தேன். திரங்கானுவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பது நம்மில் பலருக்கு மறந்துவிடும். ஞாயிறு காலை இறங்கி வியாழன் திரும்பினால் அறை எளிதாகக் கிடைக்கும், ஒரு பயிற்றுநருக்கு இரண்டு பேர் என்று சொகுசாகவும் கற்கலாம். எங்கள் வகுப்பில் நானும் ஒரு ஜெர்மன் மாணவியும் மட்டும்தான்.

கருவி எதையும் வாங்கவில்லை, மாஸ்க் ஒன்றைத் தவிர. ரெகுலேட்டரும், பிசிடி என்று சொல்லும் காற்றடைக்கும் மேலங்கியும் வாங்கினால் ஆயிரக்கணக்கில் போகும், பிறகு பராமரிப்புச் செலவு வேறு. வருடத்துக்கு ஒருமுறை போகிறவருக்கு வாடகை போதும். மாஸ்க் மட்டும் அவரவர் முகத்துக்கு அமைய வேண்டும். கடையில் பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக உள்ளே இழுங்கள். கையை எடுத்த பிறகும் ஒட்டிக்கொண்டிருந்தால் அது உங்கள் மாஸ்க். புதிய கண்ணாடியைப் பற்பசை போட்டுத் தேய்த்துக் கழுவினால் பனி படிவது குறையும். நீளமான கூந்தல் உள்ளவர்கள் இறுக்கிப் பின்னிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு முடி ஓரத்தில் சிக்கினாலும் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். உடை விஷயத்தில் தயங்கும் தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: அந்தத் தீவில் துடோங் அணிந்தபடியே முக்குளிக்கும் மலாய்ப் பெண்களைப் பார்த்தேன். கைமூடிய சட்டையும் கால்மூடிய உடையும் அங்கே சாதாரணம். வெயிலுக்கும் நல்லது.

இனி, பணத்தால் தீர்க்க முடியாத பகுதி. முதல் நாள் மதியம், லாங் பீச் ஓரத்தில், இரண்டு மீட்டர் ஆழத்தில் மணலில் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறோம். மாஸ்க்கை முழுவதும் கழற்றி, மறுபடி மாட்டி, மூக்கால் ஊதித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். வாயில் ரெகுலேட்டர் இருக்கிறது, காற்று வந்துகொண்டுதான் இருக்கிறது. எல்லாம் தெரியும். ஆனால் தண்ணீர் மூக்கில் ஏறியதும் எனக்குள் இருந்த ஏதோ ஒன்று எழுந்து நின்றுவிட்டது. நேராக மேலே வந்துவிட்டேன். மூன்று முறை. மூன்றாவது முறை மேலே வந்து இருமிக்கொண்டிருந்தபோது எனக்குத் தோன்றியது ஈயக் குட்டைதான். பதினொரு வயதுப் பையனுக்கு இப்படித்தான் இருந்திருக்குமா என்று.

பயிற்றுநர் பெசுட்டைச் சேர்ந்த மலாய்க்காரர், நாற்பது வயதிருக்கும். "பெலான்-பெலான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அன்றைய பாடத்தை அங்கேயே நிறுத்தினார். அடுத்த நாள் ஒன்றும் குறையாது, கட்டணமும் கூடாது என்றார். அறைக்குப் போகும் வழியில் ஒரு யோசனையும் கொடுத்தார். அன்று மாலை அறையின் குளியலறையில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, மாஸ்க் இல்லாமல் முகத்தை அதற்குள் வைத்து, ஸ்னோர்க்கல் குழாயால் வாய்வழி மூச்சு விட்டுப் பழகினேன். முதலில் மூன்று மூச்சு. பிறகு பத்து. இரவு சாப்பாட்டுக்கு முன் ஐம்பது. ஜெர்மன் மாணவி கதவைத் தட்டி உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டாள். மறுநாள் காலை முதல் முயற்சியிலேயே முடிந்தது. முக்குளிக்க விரும்பும் எல்லோருக்கும் நான் சொல்லும் முதல் பயிற்சி இதுதான். ஒரு சென் செலவில்லை, வீட்டு வாளி போதும்.

இந்தப் பயிற்சியில் கடல் முக்குளிப்பு நான்கு. கடைசியது 18 மீட்டர் வரை, அடிப்படைச் சான்றிதழுக்கு அதுதான் எல்லை. மேலே வரும்போது 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும், இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேறுவதற்காக. பவளப்பாறையின் அடியில் ஒரு பேம்பூ சுறா வாலை மட்டும் வெளியே விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. பச்சை ஆமை ஒன்று எங்களைக் கண்டுகொள்ளாமல் மேய்ந்தது. இதையெல்லாம் காணொளியில் பார்த்திருக்கிறேன். காணொளியில் இல்லாதது என் மூச்சுச் சத்தம். உள்ளே, வெளியே, உள்ளே. வேறு எந்த ஓசையும் இல்லை.

அலுவலகச் சுற்றுலா என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். ஊர் திரும்பிய மூன்றாம் நாள், படகில் வெட்சூட்டோடு நான் நிற்கும் படம் சித்தி மகள் வழியாகக் குடும்பப் புலனக் குழுவுக்குப் போய்விட்டது. அம்மா தொலைபேசியை எடுக்கவில்லை. வார இறுதியில் ஈப்போவுக்குப் போனேன். சோறு போட்டார், பேசவில்லை. இரவு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது முதுகைக் காட்டியபடி கேட்டார்.

"எவ்ளோ ஆழம் போன?"

"பதினெட்டு மீட்டர்மா."

"அது எவ்ளோ?"

"ஆறு மாடி உயரம் இருக்கும்."

குழாயை மூடினார். "தம்பி உழுந்த குட்ட அவ்ளோ ஆழமில்ல" என்றார். பிறகு, "கண்ணு தெரியுமா உள்ள?" என்று கேட்டார். தெரியும் என்று சொல்லி, கைத்தொலைபேசியில் ஆமையைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து இரண்டு முறை பார்த்தார். திட்டவில்லை. பொய் சொன்னதற்குத்தான் திட்டு, அது மறுநாள் காலையில் கிடைத்தது.

போக நினைப்பவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள். கிழக்குக்கரைத் தீவுகள் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், ஏறக்குறைய நவம்பர் முதல் பிப்ரவரி வரை, பெரும்பாலும் மூடிக்கிடக்கும். தெற்கில் இருப்பவர்களுக்கும் சிங்கப்பூர் உறவினர்களுக்கும் மெர்சிங் வழியாகத் தியோமான் பக்கம். ரொக்கம் கொண்டுபோங்கள், தீவில் பணப்பொறியை எதிர்பார்க்காதீர்கள். பல முறை முக்குளித்தால் விமானம் ஏறும் முன் 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். கோத்தா பாருவிலிருந்து மலிவு விமானம் பிடிப்பவர்கள் கடைசி நாளை வெறும் கடற்கரை நாளாக வைத்துக்கொள்ளுங்கள். பினாங்கு, ஈப்போ பக்கம் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் திரும்புபவர்களும் பயிற்றுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சாலை மலையேறுகிறது, உயரம் உயரம்தான்.

காப்புறுதியையும் பாருங்கள். உங்கள் மருத்துவ அட்டை, விபத்துக் காப்புறுதியின் விலக்குப் பட்டியலில் முக்குளிப்பு இருக்கக்கூடும். எனக்கு இருந்தது. முக்குளிப்பவர்களுக்கென்று டேன் போன்ற அமைப்புகள் தனிக் காப்புறுதி தருகின்றன. நைட்ரஜன் கோளாறு வந்தால் உயர் அழுத்த அறையில் சிகிச்சை தர வேண்டும், அது ஊருக்கு ஊர் இருக்கும் வசதி அல்ல. லுமுட் கடற்படைத் தளத்தை ஒட்டிய ராணுவ மருத்துவமனையில் உண்டு, ஆனால் அது தீபகற்பத்தின் மறுகரை.

சான்றிதழ் காலாவதியாவதில்லை. ஆனால் வருடக்கணக்கில் போகாமல் இருந்துவிட்டு நேராக ஆழத்துக்குப் போகாதீர்கள், ஒரு நினைவூட்டல் வகுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படைச் சான்றிதழ் கையில் இருந்தால் அடுத்த முறை ஒரு முக்குளிப்புக்கு நூறு ரிங்கிட்டை ஒட்டிய செலவுதான். நான் வருடத்துக்கு ஒருமுறை போய் நான்கு முறை இறங்குகிறேன். மாதம் 150 இப்போது 80 ஆகிவிட்டது, மீதி 70 தம்பியின் கல்லூரிக்குப் போகிறது.

இந்த ஆண்டு அம்மாவையும் அழைத்திருக்கிறேன். கோலா பெசுட் வரை வருவாராம், படகுத்துறையில் உட்கார்ந்து கெரோப்போக் லேக்கோர் சாப்பிட்டுக்கொண்டிருப்பாராம். படகில் ஏறுவது பற்றிப் பிறகு பேசலாம் என்றிருக்கிறார். படகுக்கு 70 ரிங்கிட்டைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.